டென்மார்க் நடிகை அஸ்டா நீல்சன் ஜெர்மனியில் பெரிய நட்சத்திரம் ஆனது எப்படி?

முக்கியக் காரணம், அது மௌனப் படக் காலம். படத்தில் பேச்சு ஒலிக்காது. வசனத்தை எழுத்து அட்டைகளாக இடையிடையே காட்டுவார்கள். அட்டையை மட்டும் ஜெர்மனுக்கோ ரஷ்ய மொழிக்கோ மாற்றினால் போதும், படம் எல்லை தாண்டிவிடும். தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டாலும், அம்மா பிள்ளையைத் திட்டுகிறாளா கொஞ்சுகிறாளா என்று நமக்குத் தெரிகிறதல்லவா, அதுபோலத்தான்.

ஆனால் அந்த வசதி அன்றைய எல்லா நடிகர்களுக்கும் இருந்தது. அஸ்டாவைத் தனித்துக் காட்டியது அவருடைய அடக்கமான நடிப்பு. 1881-ல் கோபன்ஹேகனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மேடையில் பழகியவர். பலர் மேடை வழக்கப்படி கையை வீசி நடித்தபோது, கேமரா அருகில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு கண்களாலேயே பேசினார். 1910-ல் ஊர்பான் காட் இயக்கிய முதல் படமே அவருக்குப் பெரும் புகழ் தந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனி அழைத்துக்கொண்டது.

அப்புறம் சொந்தத் தயாரிப்பு நிறுவனமும் தொடங்கினார். 1921-ல் வெளியான படத்தில் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் இளவரசன் ஹாம்லெட்டாகவே நடித்தார், ஆணாக வளர்க்கப்பட்ட இளவரசியாக. எவ்வளவு துணிச்சல்! 1930களின் பிற்பகுதியில் நாடு திரும்பி, 1972-ல் மறைந்தார்.

பேசும் படம் வந்ததால்தான் அவர் வாழ்க்கை சரிந்தது என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் அவருடைய கடைசி மௌனப் படங்கள் 1927-லேயே வந்துவிட்டன, 1932-ல் ஜெர்மன் பேசும் படம் ஒன்றிலும் நடித்தார்.