அய்ப்டேசியாவைத் தின்ன எதை விடலாம்?

கேள்வி: கோவையில் 250 லிட்டர் ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருக்கிறேன். இரண்டு கிளவுன் மீன், ஒரு ஆறுவரி ராஸ் மீன், கொஞ்சம் சோஆந்திட் (பொத்தான் போன்ற பவளவகை உயிர்), ஒரு ஹாம்மர் பவளம் இருக்கின்றன. புதிதாக வாங்கிய ஒரு பாறையில் இரண்டு அய்ப்டேசியா, பூப்போல விரியும் அந்தத் தொல்லை பிடித்த கடல் அனிமோன், ஒட்டிக்கொண்டு வந்தன. பிளேடால் சுரண்டி எடுத்தேன். இப்போது நாற்பதுக்குக் குறையாது. பெரியது மூன்று சென்டிமீட்டர் அகலம் விரிகிறது. மருந்து போடப் பயமாக இருக்கிறது. இதைத் தின்னும் உயிரினமாக எதை விடலாம்? ராமேஸ்வரம் கரையில் கிடைக்கும் கடல் நத்தையைப் பிடித்து வந்து விடலாம் என்கிறார் நண்பர்.

பதில்: சுரண்டியதுதான் வினை. அய்ப்டேசியா பாறையில் ஒட்டியிருக்கும் அடிப்பாதத்தில் ஒரு துணுக்கு மிஞ்சினால் போதும், அது முழு அனிமோனாக வளர்ந்துவிடும். யாரும் தொடாவிட்டாலும் அது நகரும்போது தானே துணுக்குகளை உதிர்த்துவிட்டுப் போகும். அதுதான் அதன் வழக்கமான பெருக்கம். பிளேடு அந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்து கொடுத்திருக்கிறது. இனிமேல் சுரண்டாதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள்.

எதையாவது வாங்குவதற்கு முன் அது அய்ப்டேசியாதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெலிந்த நீண்ட தண்டு, கண்ணாடி போன்ற பழுப்பு உடல், கூரான நுனி கொண்ட கைகள், தொட்டவுடன் சட்டென்று பொந்துக்குள் சுருங்கிக்கொள்ளும் குணம். இவை எல்லாம் பொருந்தினால் அய்ப்டேசியா. குட்டையாக, தடித்து, கைநுனி உருண்டு, பெரும்பாலும் பச்சை ஏறி இருந்தால் அது மஜானோ என்ற இன்னொரு தொல்லை அனிமோன். கீழே சொல்லப்போகும் இறாலையும் பெர்கியாவையும் மஜானோவுக்கு நம்ப முடியாது. அதை ஒவ்வொன்றாக ஊசி போட்டோ, பாறையின் அந்தப் பகுதியை வெட்டியோதான் எடுக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது அய்ப்டேசியாவாகவே தெரிகிறது.

உயிரினத்தை விட்டு ஒழிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அய்ப்டேசியாவை மட்டுமே தின்னும் உயிரினம் வேலையைக் கச்சிதமாக முடிக்கும், முடித்ததும் பட்டினியால் சாகும். மற்றதையும் தின்னும் உயிரினம் பிழைத்துக்கொள்ளும், ஆனால் மீன் தீனி ருசி கண்டதும் அய்ப்டேசியாவை மறந்துவிடும். சில சமயம் பவளத்தையே கடிக்கும். இரண்டில் எது உங்களுக்குச் சரி என்பதை உங்கள் தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் மீன்கள்தான் தீர்மானிக்கின்றன.

முதல் வகையில் பெயர் பெற்றது பெர்கியா. ஓடில்லாத சிறிய கடல் நத்தை. இரண்டு, இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் வளராது. ஃப்ளோரிடா கீஸ் பகுதியிலிருந்து 2005இல் அறிவியல் பெயர் பெற்ற பெர்கியா ஸ்டெஃபனியே என்ற இனம்தான் கடைகளில் விற்பது. பழைய விற்பனையாளர்கள் வெர்ரூகிகார்னிஸ் என்ற பெயரிலேயே விற்பார்கள், குழம்ப வேண்டாம். இது அய்ப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது, பவளத்தைத் தொடாது. தின்ற அனிமோனின் கொட்டும் செல்களை வெடிக்கவிடாமல் தன் முதுகில் இருக்கும் விரல் போன்ற நீட்சிகளில் சேர்த்து வைத்துத் தன் பாதுகாப்புக்கே பயன்படுத்திக்கொள்ளும் அளவுக்கு இந்த இரைக்குப் பழகிய பிராணி.

ஆனாலும் அந்த ஆயுதம் ராஸ் மீனிடம் பலிப்பதில்லை. உங்கள் ஆறுவரி ராஸ் பாறை இடுக்குகளில் நாள் முழுக்கச் சிற்றுயிர் வேட்டையாடும் மீன். அது இருக்கும் தொட்டியில் பெர்கியாவை விடுவது விலையுயர்ந்த மீன் தீனி வாங்கிப் போடுவதுதான். அதனால் பெர்கியா உங்களுக்கு முதல் தேர்வு இல்லை. எப்போது, எப்படிப் பயன்படும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விட வேண்டியது பெப்பர்மின்ட் இறால். 250 லிட்டருக்கு மூன்று போதும். கூட்டமாக இருந்தால் தைரியமாக வெளியே வரும், ஒற்றையாக விட்டால் பாறைக்குள் ஒளிந்துகொண்டு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ராஸ் சிறிய இறாலைத் துரத்தும் என்பதால் நன்கு வளர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். விளக்கை அணைத்த பிறகு விடுங்கள். இறால் தோலுரிக்கும் நாட்களில் உடம்பு மெத்தென்று இருக்கும், ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கு அதற்குக் கட்டாயம் வேண்டும்.

வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேமல் இறாலும் சிவப்பு வரிகளோடு இருக்கும், பெப்பர்மின்ட் என்று சொல்லியே கையில் கொடுத்துவிடுவார்கள். அது சோஆந்திட்டையும் மஷ்ரூம் பவளத்தையும் தின்னும். உங்கள் தொட்டிக்குப் போனால் அவ்வளவுதான். அடையாளம் எளிது. பெப்பர்மின்ட்டின் உடல் கண்ணாடி போல இருக்கும், மெல்லிய சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும், வெள்ளைப் புள்ளி கிடையாது. கேமல் இறாலுக்கு முதுகில் கூன், பெரிய கண், சிவப்புக்கு நடுவே பளிச்சென்று வெள்ளைக் கோடும் புள்ளியும். அப்புறம் இன்னொரு விஷயம்: பெப்பர்மின்ட் என்ற பெயரில் லிஸ்மாட்டா பேரினத்தின் பல இனங்கள் விற்பனைக்கு வருகின்றன. அய்ப்டேசியா தின்பதில் பெயர் வாங்கியவை அட்லாண்டிக் பக்கத்து வுர்டெமன்னி, பொக்கெஸ்ஸி ஆகிய இரண்டும். மற்றவற்றில் சில தின்னும், சில திரும்பிக்கூடப் பார்க்காது. உங்கள் தொட்டியிலிருந்து அய்ப்டேசியா இருக்கும் ஒரு சின்னக் கல்லைக் கடைக்குக் கொண்டுபோய், அந்த இறால் இருக்கும் தொட்டியில் ஓர் இரவு வைக்க முடியுமா என்று கேளுங்கள். பழக்கமுள்ள கடைக்காரர் என்றால் மறுக்க மாட்டார்.

இறாலை விட்ட பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான்: தீனியைக் குறையுங்கள். மீன்களுக்கு அவை உடனே தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். இரவில் மீன் தின்னாமல் விட்ட மைசிஸ் (தீனியாகப் போடும் குட்டி இறால்) கிடைக்கும்வரை இறாலுக்கு அனிமோன் கண்ணில் படாது. ஹாம்மர் பவளத்துக்குக் கையால் ஊட்டும் பழக்கம் இருந்தால் சில வாரம் நிறுத்திவையுங்கள். பவளத்தின் வாயிலிருந்தே தீனியைப் பிடுங்குவதில் இந்த இறால் கெட்டிக்காரர். தீனி குறைவதால் அய்ப்டேசியாவுக்கும் உபரி உணவு குறையும். ஆனால் அதைப் பட்டினி போட்டே ஒழித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதன் உடலுக்குள் பவளத்தில் இருப்பது போன்ற பாசி இருக்கிறது, வெளிச்சத்தைக் கொண்டே காலம் தள்ளும். இந்தப் பிடிவாதத்தால்தான் பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள உறவை ஆராய்பவர்கள் அய்ப்டேசியாவை ஆய்வகத்தில் ஆசையாக வளர்க்கிறார்கள். அதன் மரபணுத் தொகுதி 2015இல் வெளியானது. நம் தொட்டித் தொல்லைக்கு அங்கே ராஜ மரியாதை!

இறால் சின்னதைத்தான் விரும்பும். மூன்று சென்டிமீட்டர் விரியும் பெரியவற்றை ஒதுக்கிவிட்டுப் போகும். அதனால் பெரிய ஐந்தாறை இறால் வருவதற்கு முன் நீங்களே முடித்துவிடுவது நல்லது. மருந்துப் பயம் புரிகிறது, ஆனால் இதற்கு வேண்டியது கால்க்வாசர் எனப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடு மட்டும்தான். கொஞ்சம் ஆர்ஓ தண்ணீரில் கெட்டியான கூழாகக் கலந்து, பம்புகளை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அனிமோனின் வாயில் மெதுவாக விட்டு மூடிவிடுங்கள். சுருங்கிப் பொந்துக்குள் போவதற்கு முன் வாயில் விழ வேண்டும், அவசரப்பட்டுக் குத்தினால் வீண். கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், பிஎச் எகிறும். பவளத்தின் மேல் கூழ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் காத்திருங்கள். இரவில் சிவப்பு டார்ச் வைத்துப் பார்த்தால் இறால் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். எண்ணிக்கை குறையாமல் இறால் மட்டும் கொழுத்தால் அந்த இறால் உங்களுக்கு உதவாது.

அந்த நிலை வந்தால்தான் பெர்கியா. ராஸ் இருக்கும் தொட்டியில் நேராக விட முடியாது, பெப்பர்மின்ட் இறாலும் அதைத் தின்றுவிடும். ஆனால் அய்ப்டேசியா அதிகம் இருக்கும் பாறையை வெளியே எடுத்து, ஹீட்டரும் மெல்லிய நீரோட்டமும் உள்ள சின்னத் தொட்டியில் வைத்து, அங்கே ஆறு முதல் எட்டு பெர்கியாவை விடலாம். பாறையில் பவளம் இருந்தால் மேலே விளக்கும் வேண்டும். எல்லாவற்றையும் அருகருகே விடுங்கள். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் முட்டைக்கு ஜோடி வேண்டும். வெள்ளை நூலைச் சுருட்டி வைத்தது போல முட்டைக் கற்றை பாறையில் தெரிந்தால் காரியம் சரியாகப் போகிறது என்று அர்த்தம். முதல் சில வாரம் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும், பொறுமை. தின்னும் பெர்கியாவின் முதுகு பழுப்பாக இருக்கும். வெளுத்துப்போனால் இரை தீர்ந்துவிட்டது. உடனே அடுத்த பாறைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் தேவையுள்ள வேறு ஹாபியிஸ்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பட்டர்ஃப்ளை மீன் வேண்டாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். காப்பர்பேண்ட் 250 லிட்டருக்கான மீன் இல்லை. இருபது சென்டிமீட்டர் வரை வளரும், பல தீனி எடுக்காமலே செத்துப்போகின்றன. ஃபைல்ஃபிஷில் அக்ரேய்க்திஸ் டொமென்டோசஸ் நன்றாகத் தின்னும், ஆனால் உங்கள் சோஆந்திட்டையும் ருசி பார்க்கும் வாய்ப்பு அதிகம். நான் விட மாட்டேன்.

நண்பர் சொன்ன ராமேஸ்வரம் யோசனையை விட்டுவிடுங்கள். கடல் நத்தைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இரைக்குப் பழகியவை. பல இனங்கள் பஞ்சுயிரியை மட்டுமே தின்னும், சில ஹைட்ராய்டு என்ற செடி போன்ற சிற்றுயிரை. உங்கள் தொட்டியில் அவை பட்டினியால் செத்து நீரைக் கெடுக்கும். மன்னார் வளைகுடாவின் தீவுகள் தேசியப் பூங்கா. பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பவளப்பாறைத் துண்டோடு பிடிபட்டால் பிணையே கஷ்டம். நத்தையோடு பாறையும் வரும் என்பது தெரிந்ததுதானே.

கடைசியாக, சம்ப்பையும் (தொட்டி நீர் இறங்கிச் சுத்தமாகும் கீழ்த் தொட்டி) அதற்கு நீர் வழியும் ஓவர்ஃப்ளோ பெட்டியையும் பாருங்கள். இறால் அங்கே போய் வேலை செய்யும் என்று நம்ப முடியாது, ஆனால் அய்ப்டேசியா போகும். அங்கிருந்து துணுக்குகள் பம்பு வழியாகத் திரும்பத் தொட்டிக்கே வரும். குழாய்களை வெளியே எடுத்து நன்றாகக் காய வைத்துவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். புதிய பவளம் வாங்கினால் அது ஒட்டியிருக்கும் பிளக்கை (பவளம் ஒட்டி விற்கும் சின்னக் கல்) உடைத்துப் போட்டுவிட்டு வேறு பிளக்கில் ஒட்டுங்கள், பவளத்தை முக்கி எடுக்கும் டிப் மருந்துக்கு அய்ப்டேசியா சாகும் என்று நம்ப முடியாது. இறால் இருக்கும்வரை மீன் நோய்க்குத் தாமிர மருந்து எதையும் தொட்டியில் ஊற்றக் கூடாது. மீனைத் தனியே பிடித்து வேறு தொட்டியில் வைத்துத்தான் சிகிச்சை.