ஐஃபெல் எரிமலைகள்: ஒரு நாளில் எதைப் பார்ப்பது?

வணக்கம். ஜெர்மனியின் கொலோனில் இருக்கிறோம், கார் இல்லை. ஐஃபெல் மலைப்பகுதியில் எட்டு வயது மகனோடு ஆண்டர்நாஹ் ஊற்று, லாஹர் ஏரி, டௌனில் 'மார்' எனப்படும் எரிமலைக்குழி ஏரிகள், இந்த மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? போய்வந்த நண்பர்களோ, "வெறும் ஏரிதான், எரிமலையைக் காணோம்" என்கிறார்கள்.
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றும் முடியாது. டௌன் மேற்கு ஐஃபெலில் இருக்கிறது. மற்ற இரண்டும் கிழக்கே, ரைன் ஆற்றுப் பக்கம். சேர்த்துப் போட்டால் பாதி நாள் பஸ் நிறுத்தத்தில் கழியும்.

முதலில் ஆண்டர்நாஹ். அன்றைய நேரக்கணக்கை ஊற்றுதான் தீர்மானிக்கும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடுகிறது, ஊற்றுக்குக் கூட்டிப்போகும் படகும் அதற்கேற்பத்தான் கிளம்பும். அருங்காட்சியகம், படகு, ஊற்று மூன்றுக்கும் சேர்த்தே டிக்கெட். ஊர் போய்ச் சேர்ந்தபின் படகு நேரம் விசாரிப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் கிடையாது.

மகனுக்கு முன்பே சொல்லிவையுங்கள்: அது வெந்நீர் அல்ல. 350 மீட்டர் ஆழ்துளைக் கிணற்றில் நீரோடு கரியமில வாயு கரைந்து கிடக்கிறது. வாயு மிகும்போது குமிழிகள் மேலேறி, கொஞ்சம் நீரை வெளியே தள்ளும். மேலே பாரம் குறைந்ததும் அடியில் அழுத்தம் தளரும், இன்னும் வாயு பிரியும், அது இன்னும் நீரைத் தள்ளும். அப்படியே 60 மீட்டர் வரை எழும்பிவிடும். காற்று வரும் திசையில் நில்லுங்கள். சாரல் காய்ந்தால் கண்ணாடியிலும் கேமராவிலும் தாதுக்கறை படியும்.

பிறகு மாயன் போகும் ரயிலில் மெண்டிக், அங்கிருந்து பஸ்ஸில் லாஹர் ஏரிக்கரையிலுள்ள மரியா லாஹ் மடாலயம். வார இறுதியில் பஸ் குறைவு, திரும்பும் பஸ்ஸை முதலில் உறுதிசெய்யுங்கள். பஸ் ஒத்துவராவிட்டால் மெண்டிக்கிலேயே இறங்கி, தரைக்கடியில் 30 மீட்டர் ஆழத்திலுள்ள பழைய லாவா சுரங்கத்தைப் பாருங்கள். ஆகஸ்டிலும் உள்ளே பத்து டிகிரிக்கும் கீழே, ஸ்வெட்டர் வேண்டும். என்னைக் கேட்டால் அது ஒன்றும் மட்டமான மாற்று அல்ல.

ஏரியைச் சுற்றும் பாதை சுமார் 8 கிலோமீட்டர். வாயுக் குமிழிகள் வருவது மடாலயத்துக்கு எதிரே, கிழக்குக் கரையில். எந்தப் பக்கமாகப் போனாலும் ஏறக்குறைய பாதிச் சுற்று, எனவே முழுதாகவே சுற்றிவிடலாம். காற்றடித்தால் அலையில் குமிழி தெரியாது. காற்றில்லாத நாளில் நன்றாகத் தெரியும், ஆனால் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தங்கும். குமிழிக்கு அருகே மகன் குனிந்து முகர வேண்டாம்.

நண்பர்கள் எரிமலையைக் காணாததற்குக் காரணம், அவர்கள் அதற்குள்ளேயே நின்றதுதான். லாஹரில் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த வெடிப்பில் அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறி, மேல்தரை உள்ளே இறங்கியது. அந்தப் பள்ளமே ஏரி. டௌனில் கதை வேறு: மேலேறிய பாறைக்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு, நீராவி வெடித்து, தரையில் குழி பறித்தது. கூம்பு மலையை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

டௌனுக்குக் கோடையில் தனியாக ஒரு நாள் போங்கள். மூன்று ஏரிகளும் நடந்து சேரும் தூரம்தான். கெமுண்டன், ஷால்கன்மேரன் ஏரிகளில் குளிக்க இடம் உண்டு. நடுவிலுள்ள வைன்ஃபெல்டர் ஏரி இயற்கைக் காப்பிடம், அதில் இறங்கக் கூடாது.