‘தி பார்ன் அல்டிமேட்டம்’ படத்தை ஊடகவியல் நோக்கில் எப்படிப் பகுப்பாய்வது?

ஊடகவியல் பட்டப்படிப்பில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: 2007இல் வெளிவந்த ‘தி பார்ன் அல்டிமேட்டம்’ படத்தைப் பகுப்பாய்வு செய்து கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், கேமரா ஆடுகிறது, வெட்டுகள் வேகமாக விழுகின்றன என்பதற்கு மேல் இதில் எழுத என்ன இருக்கிறது?

இந்தப் படத்தைச் சில ஆண்டுகள் வகுப்பில் பாடமாக நடத்தியவன் நான். மாணவர் எழுதும் கட்டுரைகளில் பெரும்பாலானவை, "கையில் பிடித்த கேமரா படத்துக்கு நம்பகத்தன்மை தருகிறது" என்ற வரியில் வந்து நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வரி தவறில்லை. ஆனால் அது கண்ணில் பட்டதைச் சொல்கிறதே தவிர, அது எதற்காக அப்படி அமைந்தது என்பதைச் சொல்வதில்லை. என் பார்வையில் இந்தப் படத்தின் மையம் வேகம் அன்று. யார் யாரைப் பார்க்கிறார்கள், எங்கிருந்து பார்க்கிறார்கள், அப்படிப் பார்ப்பவருக்கு எது தெரிகிறது, எது தெரியாமல் போகிறது என்பதுதான்.

முழுப் படத்தையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையக் காட்சி ஒன்றே ஒரு கட்டுரைக்குப் போதும். ‘கார்டியன்’ நாளிதழின் செய்தியாளரான சைமன் ராஸ், ‘பிளாக்பிரையர்’ என்ற இரகசியத் திட்டத்தின் பெயரைத் தொலைபேசியில் ஒரே ஒரு முறை உச்சரிக்கிறார். அந்தச் சொல் ஒட்டுக்கேட்கும் கணினி அமைப்பில் சிக்குகிறது. நியூயார்க்கில் இருக்கும், அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் அலுவலகம் அவரைப் பின்தொடரத் தொடங்குகிறது. சி.ஐ.ஏ.வின் கொலையாளியாக இருந்து, நினைவிழந்து, தன் கடந்த காலத்தைத் தேடும் நாயகன் ஜேசன் பார்ன் அவரை வாட்டர்லூவுக்கு வரவழைத்து, கூட்டத்தோடு கூட்டமாக உரசிச் செல்லும்போது அவருடைய பையில் ஒரு கைப்பேசியைப் போட்டுவிட்டு, எப்போது நிற்க வேண்டும், எப்போது நடக்க வேண்டும், எப்போது குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட வேண்டும் என்று தொலைவிலிருந்து சொல்லிக்கொண்டே போகிறான்.

இந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு முறை பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டும் யாருடைய பார்வை என்று குறித்துக்கொண்டே வந்தால் மூன்று வகைப் பார்வைகள் பிரிந்து தெரியும். முதலாவது, நிலையத்தின் சிசிடிவி கேமராக்கள் வழியே நியூயார்க் அறையின் திரைகளுக்கு வரும் பார்வை. உயரத்திலிருந்து, அசையாமல், மனிதர்களைப் புள்ளிகளாகக் காட்டுவது. இரண்டாவது, பார்னின் பார்வை. தோள்களுக்கும் தூண்களுக்கும் இடையே இடுக்கில் புகுந்து, குவியம் தேடி அலைவது. மூன்றாவது ராஸின் பார்வை. ஏறத்தாழ ஒன்றையும் தெளிவாகக் காணாதது, எதிரே வரும் குப்பைத்தொட்டி ஊழியரைக்கூடக் கொலையாளியாக எண்ணி மிரளக்கூடியது. கேமராவின் ஆட்டம் இந்த மூன்றிலும் ஒரே அளவில் இல்லை. அதிகாரம் இருக்கும் இடத்தில் படம் நிதானமாக நிற்கிறது; தரையில் நடப்பவனிடம் வந்தால் ஆடுகிறது. இதை நீங்கள் எண்ணிக் காட்டிவிட்டால், ‘ஆடும் கேமரா’ என்ற பொத்தாம்பொதுவான வரி ஒரு வாதமாக மாறிவிடும்.

கண்காணிப்பு என்றதும் பலரும் உடனே பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவை மேற்கோள் காட்டுவார்கள். காட்டலாம், ஆனால் கவனமாகக் காட்டுங்கள். தான் எந்நேரமும் பார்க்கப்படலாம் என்று அறிந்த கைதி தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறான் என்பது அவர் வாதம். வாட்டர்லூவில் நடக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அந்த எண்ணமே இல்லை. பார்ன் ஒருவனுக்கு மட்டுமே எந்தக் கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரியும். அந்த அறிவுதான் அவனுடைய ஆயுதம். ராஸ் அச்சம் மேலிட்டு, அவன் சொல்லை மீறி வெளியே நடந்த மறுகணம் சுடப்பட்டு விழுகிறார்.

இயக்குநர் பால் கிரீன்கிராஸின் பின்னணியைச் சுருக்கமாகவேனும் சேர்க்க வேண்டும். அவர் பிரிட்டனின் கிரானடா தொலைக்காட்சியில் ‘வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்’ என்ற புலனாய்வு நிகழ்ச்சியில் பணியாற்றியவர். 1972இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டை ‘பிளடி சண்டே’ என்ற பெயரில் 2002இல் படமாக்கியவர். உண்மையான ரயில் நிலையத்தில், பயணிகள் நடமாடும்போதே நடிகர்களை இறக்கிப் படம்பிடிக்கும் துணிவு இந்தச் செய்திப்படப் பயிற்சியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

படத்தொகுப்புக்கு வருவோம். ஒரு ஷாட்டின் சராசரி நீளம் ஏறத்தாழ 2 வினாடிதான். தொகுப்பாளர் கிறிஸ்டோபர் ரௌஸ் ஆஸ்கர் பெற்றார். ஒலிக்கலவை, ஒலித்தொகுப்பு ஆகியவற்றையும் சேர்த்து, பரிந்துரைக்கப்பட்ட மூன்று பிரிவுகளிலும் படம் வென்றது. அதே வேளையில், எது எங்கே இருக்கிறது என்ற இட உணர்வையே இந்த நடை சிதைக்கிறது என்ற குறையும் எழுந்தது. திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்டுவெல் இதை விரிவாக எழுதினார்; புதுமை என்று கொண்டாடப்படும் இந்த நடை, ஷாட்டுகளைத் தடங்கலின்றித் தொடர்வதுபோல் இணைக்கும் ஹாலிவுட்டின் பழைய தொடர்ச்சி இலக்கணத்தையே இன்னும் இறுக்கிப் பிழிந்த வடிவம் என்பது அவருடைய நிலைப்பாடு. நான் பாதி அளவுக்கே உடன்படுகிறேன். கார் துரத்தல்களில் அவர் சொல்வது முற்றிலும் சரி. வாட்டர்லூவில் அப்படி இல்லை. அங்கே குழப்பம் ராஸுக்கு உரியது, நமக்கு வழி தொலைந்தாலும் பார்னுக்குத் தொலைவதில்லை.

ஒலியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மொராக்கோவின் டான்ஜியர் நகரில், கூரைகளின் மேல் நடக்கும் துரத்தல் முழுவதும் ஜான் பவலின் தாள இசை துரத்துகிறது. பார்னும் தேஷ் என்ற கொலையாளியும் ஒரு வீட்டுக்குள் நேருக்கு நேர் மோதத் தொடங்கியதும் இசை நின்றுவிடுகிறது. மூச்சிரைப்பும், பொருட்கள் உடையும் ஓசையும், சதையில் அடி விழும் ஓசையும் மட்டுமே எஞ்சுகின்றன. அந்த மௌனம் வன்முறையிலிருந்து கொண்டாட்டத்தைப் பிடுங்கிவிடுகிறது. உளவுப் படங்களில் இது அரிது. ஆனால் அதே காட்சியில் ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். அந்த நகரத்து மக்களின் வீடுகள் பார்ன் புகுந்து ஓடுவதற்கான வழித்தடங்களாகவே வருகின்றன. அங்கே வாழ்பவர்கள் திகைத்து நிற்பதைத் தவிர வேறெதுவும் செய்யப் படம் இடம் தருவதில்லை.

கதைக் கட்டமைப்பில் ஒரே ஒரு விஷயத்தைத் தொடுங்கள், அது பெரிது. 2004இல் வந்த முந்தைய படத்தின் முடிவில், பார்ன் நியூயார்க்கிலிருந்து சி.ஐ.ஏ. அதிகாரி பமேலா லாண்டியை அழைத்துப் பேசும் காட்சி உண்டு. கதை முடிந்துவிட்டதைக் காட்டும் இளைப்பாறல்போல அது அங்கே அமைந்திருந்தது. இந்தப் படத்தின் பெரும்பகுதி அந்தத் தொலைபேசி அழைப்புக்கு முன்னரே நடக்கிறது. அதே உரையாடல் இங்கே மீண்டும் வரும்போது, லாண்டி சொல்லும் பிறந்த தேதி 4-15-71 ஒரு முகவரியைக் குறிக்கும் சங்கேதம் என்பது புரிகிறது: 71ஆம் தெருவில் 415ஆம் எண் கட்டடம். அழைப்பை ஒட்டுக்கேட்பவர்களின் காதிலும் அது விழுகிறது. சூழல் மாறினால் ஒரே சொற்கள் வேறு பொருள் தருகின்றன என்பதற்கு வகுப்பில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அரசியலைத் தவிர்க்காதீர்கள். பார்னின் நினைவில் வரும், தலையை மூடிக் கவிழ்க்கும் துணியும், நீரில் மூழ்கடிப்பதும், ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளை வதைத்ததைக் காட்டி 2004இல் வெளிவந்த படங்களைப் பார்த்திருந்த பார்வையாளருக்கு உடனே உறைத்திருக்கும். தான் ஏமாற்றப்பட்டுக் கொலையாளி ஆனவன் அல்லன், தானே முன்வந்து ஒப்புக்கொண்டவன் என்று பார்ன் உணர்வது இந்தத் தொடரின் மிக நேர்மையான தருணம். எனினும் முடிவில் குற்றம் முழுவதும் வோசன், ஹெர்ஷ், கிராமர் என்ற சி.ஐ.ஏ.வைச் சேர்ந்த சில தனிமனிதர் தலையில் இறங்குகிறது. லாண்டி என்ற நல்ல அதிகாரி விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்ல, நிறுவனம் தப்பித்துக்கொள்கிறது. 2013 ஜூனில், அமெரிக்க உளவு அமைப்புகளுக்காகப் பணியாற்றிய எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய அரசுக் கண்காணிப்பு ஆவணங்களை முதலில் வெளியிட்ட நாளிதழ்களுள் அதே ‘கார்டியன்’ இருந்தது. அங்கே வெளிவந்ததோ சில தீயவர்களின் செயல் அன்று, அன்றாட அலுவலக நடைமுறை. படத்தின் கற்பனை எட்டாமல் நின்ற இடம் அதுதான்.

கட்டுரையின் கடைசிப் பத்தியை நான் ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒதுக்குவேன். நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் விழுந்த பார்னின் உடல் மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை என்ற செய்தியை, அவனுக்கு உதவிய சி.ஐ.ஏ. ஊழியர் நிக்கி பார்சன்ஸ் ஒரு விடுதியில் அமர்ந்து திரையில் பார்த்துப் புன்னகைக்கிறாள். திரைகளில் தெரிவதை நம்பாதே என்று ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நமக்குக் கற்பித்த படம், அதிகாரிகள் கைதான செய்தியை மட்டும் ஒரு திரையின் வழியே கொடுத்து, அதை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.