38 ஆண்டுகள் கழித்துக் காயப் பதக்கம் கேட்கலாமா?

கேள்வி: காலாட்படையில் ஹவில்தாராகப் பணியாற்றி 1999-இல் ஓய்வூதியத்துடன் வெளியே வந்தேன். 1987 நவம்பரில், இலங்கையில் அமைதிப் படையில் இருந்தபோது, எங்கள் வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. இடது தொடையில் காயம். பலாலியிலிருந்து விமானத்தில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். சில வாரங்கள் ராணுவ மருத்துவமனையில் இருந்துவிட்டுப் பட்டாலியனுக்கே திரும்பினேன். அதே வண்டியில் வந்த இருவரிடம் வூண்ட் மெடல் இருக்கிறது, என்னிடம் இல்லை. ரெக்கார்ட் அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதியும் ‘ஆவணங்களில் பதிவு இல்லை’ என்றே பதில் வருகிறது. இத்தனை காலம் கழித்துக் கேட்பது முறையா? பதக்கம் கிடைத்தால் ஓய்வூதியம் கூடுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய இரண்டு கடிதங்களின் நகலையும் படித்தேன். இரண்டிலும், உடன் இருந்தவர்களுக்குக் கொடுத்தீர்கள், எனக்கும் கொடுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோரிக்கைக்கு ரெக்கார்ட் அலுவலகம் வேறு பதில் தர முடியாது. காயப் பதக்கம் யாரும் பார்த்துக் கொடுக்கும் வெகுமதி அல்ல. உங்கள் சேவை ஆவணத்தில் ‘போரில் காயமுற்றார்’ என்ற ஒரு வரி இருந்தால் அது உங்கள் உரிமை. அந்த வரி இல்லையென்றால், பரிந்துரை எவ்வளவு பலமாக இருந்தாலும் பயனில்லை. எனவே பதக்கத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு, முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

பராக்ரம் பதக் எனப்படும் இந்தப் பதக்கத்துக்கு விதி குறுகலானது. எதிரியின் நேரடி நடவடிக்கையால் காயம் ஏற்பட்டிருக்க வேண்டும். நாடுகளுக்கு இடையிலான போர் மட்டுமல்ல, எந்த ராணுவ நடவடிக்கையும், உள்நாட்டுக் கிளர்ச்சி ஒடுக்கும் பணியும் இதில் சேரும். இலங்கையில் அமைதிப் படை நடத்திய ‘ஆபரேஷன் பவன்’ சேருமா என்ற சந்தேகமே உங்களுக்கு வேண்டாம். உங்கள் கூட்டாளிகள் இருவர் அணிந்திருப்பதே அதற்குச் சாட்சி. வீரதீரச் செயலுக்குத் தரும் விருது இது அல்ல என்பதால், துணிச்சலை நிரூபிக்க வேண்டியதில்லை. காயத்தை நிரூபித்தால் போதும். அந்தக் காயம் யாரால் வந்தது என்பதையும் நிரூபித்தாக வேண்டும்.

உங்கள் வழக்கின் முடிச்சு இந்த இரண்டாவது விஷயத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய மருத்துவமனைச் சீட்டில் ‘இடது தொடையில் காயம்’ என்று மட்டும் இருக்கிறது. எதனால் என்று எழுதவில்லை. வெடித்த கண்ணியின் உலோகச் சில் தொடையில் பாய்ந்தது என்றால் அது எதிரியின் நேரடி நடவடிக்கை. வண்டி கவிழ்ந்து இரும்புச் சட்டம் குத்தியது என்று எங்காவது யாராவது எழுதியிருந்தால், அதைச் சாலை விபத்து என்று ஓரம்கட்டிவிடும் ஆபத்து உண்டு. கண்ணிவெடியால் கவிழ்ந்த வண்டியை விபத்து என்று சொல்வது என்னைப் பொறுத்தவரை அபத்தம். வெடிதான் காரணம், கவிழ்ந்தது அதன் விளைவு என்று வாதாடலாம், வாதாட வேண்டும். இருந்தாலும் சில் பாய்ந்ததற்குச் சான்று கிடைத்துவிட்டால் அந்த வாதத்துக்கே வேலை இல்லை.

சான்று உங்கள் தொடையிலேயே இருக்கலாம். சிறு துண்டுகளை எடுக்காமலே விட்டுவிடுவது அறுவை சிகிச்சையில் வழக்கம். எடுக்கப்போனால் தசையும் நரம்பும் கூடுதலாகச் சேதமடையும். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட பாலிகிளினிக்கில் காட்டி, தொடைக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். உலோகம் தெரிந்தால், எத்தனை துண்டு, எந்த இடம் என்று கதிரியல் மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். முழங்கால் வலி என்று யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடலில் உலோகத் துண்டு இருக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் காந்தப்புலத்தில் துண்டு நகரவோ சூடேறவோ கூடும். பதக்கத்துக்குத் தொடர்பில்லாத எச்சரிக்கைதான். ஆனாலும் சில் தாங்கிய பழைய வீரர்கள் பலர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இனி அந்த வரி எங்கே இருக்கும் என்று பார்ப்போம். வீரர் ஒருவர் காயமுற்றால் பட்டாலியன் அதை ரெக்கார்ட் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு அது, வீரரின் பணி நிகழ்வுகளை அறிவிக்கும் பார்ட் டூ ஆர்டராக வெளியாகி, அவருடைய சேவைப் பதிவான ஷீட் ரோலில் ஏற வேண்டும். மருத்துவமனையும் சேர்க்கையையும் விடுவிப்பையும் தனியாகத் தெரிவிக்கும். அடிபட்டவர் களத்திலிருந்து நேரே விமானத்தில் போய்விட, பட்டாலியன் அடுத்த ஊருக்கு நகர்ந்துவிட, இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துபோவது நடக்கக்கூடியதே. அதைவிட எளிய காரணமும் உண்டு. ராணுவ எண்ணில் ஓர் இலக்கமோ கடைசி எழுத்தோ மாறியிருந்தால், உங்கள் காயம் வேறொருவர் பெயரில் ஏறியிருக்கும். ஒரே பட்டாலியனில் ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் இருப்பது உங்களுக்குத் தெரியாததா?

ஆகவே, ‘பதிவு இல்லை’ என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தில், ஆவணங்களின் நகல்களையே கேளுங்கள். 1987 நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கான பார்ட் டூ ஆர்டர்களில் உங்கள் எண் வரும் பக்கங்கள், ஷீட் ரோலின் முழு நகல், மருத்துவமனைச் சேர்க்கை மற்றும் விடுவிப்புக் குறிப்பு, காயம் குறித்த அறிக்கை ஏதேனும் இருந்தால் அது, 1999-இல் உங்களை விடுவித்தபோது கூடிய மருத்துவக் குழுவின் அறிக்கை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ முதல் மேல்முறையீடு செய்யுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டின் ரெக்கார்ட் அலுவலகம் வெலிங்டனிலும், மெட்ராஸ் பொறியாளர் பிரிவினுடையது பெங்களூரிலும் இருக்கின்றன. மற்றவர்கள் தங்கள் ஓய்வூதிய ஆணையிலேயே முகவரியைப் பார்க்கலாம். கடிதம் எழுதத் தயக்கம் இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இலவசமாக எழுதி அனுப்பும்.

நீங்கள் ஓய்வூதியர் என்பது இந்த இடத்தில் பெரிய அனுகூலம். ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களின் கோப்புகளை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிட விதியே இருக்கிறது. அவர்களுக்கு நீண்ட பட்டியல் எனப்படும் லாங் ரோலில் இரண்டொரு வரிகள் மட்டுமே மிஞ்சும். உங்கள் கோப்பு இன்னும் இருக்க வேண்டும். ‘அழிக்கப்பட்டுவிட்டது’ என்று சொன்னால், எந்தத் தேதியில், எந்த ஆணையின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் கூட்டாளிகள் இருவரையும் நீங்கள் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அவர்களிடம் பதக்கம் இருக்கிறது என்று எழுதினீர்களே தவிர, அந்தப் பதக்கத்துக்கு ஆதாரமான ஆணையை வாங்கிப் பார்க்கவில்லை. அவர்களுடைய ஆவணத்தை நீங்கள் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுத்துவிடுவார்கள். அவர்களே கேட்டால் கொடுப்பார்கள். அந்தப் பார்ட் டூ ஆர்டரில் இடம், தேதி, நடவடிக்கையின் பெயர், கண்ணிவெடி என்ற காரணம் எல்லாம் இருக்கும். அதே பக்கத்தில் உங்கள் பெயர் தவறான எண்ணோடு இருந்தாலும் வியப்பதற்கில்லை. பெயரே இல்லாவிட்டாலும், அந்த நாளில் அந்த இடத்தில் வெடி நடந்தது என்பதை அரசு ஆவணமே சொல்லிவிடுகிறது. மிச்சம், நீங்கள் அந்த வண்டியில் இருந்தீர்கள் என்பது மட்டுமே.

அதற்கு இருவரிடமும் தனித்தனியாக, நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் நகலெடுத்தது போல இருக்கக்கூடாது. வண்டியில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், வெடித்த பிறகு உங்களை யார் தூக்கினார்கள், முதல் கட்டு எங்கே போட்டார்கள் என்று அவரவர் கண்டதை அவரவர் சொல்லட்டும். சிறு முரண்பாடுகள் இருந்தால் இருக்கட்டும். வரிக்கு வரி ஒத்துப்போகும் சாட்சியத்தைத்தான் அதிகாரிகள் சந்தேகிப்பார்கள். அன்றைய கம்பெனி கமாண்டரோ மருத்துவ அதிகாரியோ இருக்கிறார் என்றால், அவர் கையெழுத்திட்ட ஒரு பக்கத்துக்கு இவை அனைத்தையும்விட மதிப்பு அதிகம். ரெஜிமென்ட் நாள் விழாக்களில் விசாரித்தால் முகவரி கிடைத்துவிடும். எல்லாருக்கும் வயதாகிறது என்பதால் இந்த வேலையைத் தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

இவை கைக்கு வந்ததும் புதிய மனு. அதில் பழைய இரண்டு கடிதங்களின் வருத்தமும் கோபமும் வேண்டாம். ‘இன்ன தேதியில், இன்ன இடத்தில், எதிரி வைத்த கண்ணிவெடியால் காயமுற்றேன்; அது போர்க்காயமாகப் பதிவாகாமல் விடுபட்டிருக்கிறது; இணைத்துள்ள சான்றுகளின்படி அதைப் பதிவு செய்து, அதன் தொடர்ச்சியாகப் பராக்ரம் பதக் வழங்க வேண்டும்’ என்பதே சாரம். இத்தனை ஆண்டுகள் ஏன் கேட்கவில்லை என்பதையும் ஒரு பத்தியில் நேர்மையாக எழுதுங்கள். பணியில் இருந்தபோது பட்டாலியன் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினீர்கள், ஓய்வுக்குப் பின் விதி தெரியவில்லை என்றால் அதையே எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

மறுத்தால் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறுதி ஆணை வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். மனுவுக்குப் பதிலே வராவிட்டால், 6 மாதம் காத்திருந்துவிட்டு அடுத்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. ஆனால் ஆண்டுக்கொரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தால் காலக்கெடு நீளும் என்ற நம்பிக்கை தவறு. அது நம் ஊரில் வேரூன்றிவிட்ட தவறும்கூட.

இங்கே பணத்துக்கும் பதக்கத்துக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். மாதந்தோறும் குறைவாக வரும் ஓய்வூதியம் தொடர்ந்து நடக்கும் தவறு. எப்போது கேட்டாலும் கேட்கலாம், நிலுவை மட்டும் பொதுவாக 3 ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும் என்று 2008-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதக்கம் ஒருமுறை கிடைக்க வேண்டியது. அந்தச் சலுகை அதற்குப் பொருந்தாது என்பதால் தாமதத்துக்கான விளக்கம் பலமாக இருக்க வேண்டும்.

பதக்கத்தால் மட்டும் ஓய்வூதியம் ஒரு ரூபாய்கூட அதிகரிக்காது. கூடுவதற்கு வழி ‘போரில் காயமுற்றார்’ என்ற அதே வரியில்தான் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 ஆணை, 1996 ஜனவரி 1 முதல் ஓய்வுபெற்றவர்களுக்குப் பொருந்தும். நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். அதன் ‘இ’ பிரிவில், வெளிநாட்டில் அமைதி காக்கும் பணியில் நடந்த நடவடிக்கையில் பட்ட காயமும் போர்க்காயம். முழுக்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவருக்கு, அதே சதவீத ஊனத்துக்குச் சாதாரண ஊனத் தொகையைப் போல இரு மடங்கு போர்க்காயத் தொகை. விடுவிப்பு மருத்துவக் குழு ஊனத்தை 20 முதல் 49 சதவீதத்துக்குள் மதிப்பிட்டிருந்தால், அதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடக் கேட்கலாம். முழுக்காலம் முடித்தவர்களுக்கும் அது உண்டு என்பது 2014 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் தந்த ராம் அவதார் தீர்ப்பு. குழு உங்கள் தொடையைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்றால் அது தனிப் போராட்டம், நீண்டது. எப்படியானாலும் பதக்க மனுவில் ஓய்வூதியத்தைச் சேர்க்காதீர்கள். இரண்டையும் பார்ப்பவர்கள் வேறு வேறு அலுவலர்கள். ஒரே கடிதத்தில் எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார், கோப்பு இருவரிடமும் நகராது. பதிவு சரியானதும் ஓய்வூதியத்துக்குத் தனி மனு போடுங்கள்.

கடையில் கிடைக்கும் நகல் பதக்கத்தை வாங்கி மாட்டிக்கொண்டால் என்ன என்று உங்கள் பேரன் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். ஏற்கெனவே வழங்கப்பட்ட பதக்கம் தொலைந்துபோனவர்கள் அப்படிச் செய்வதுண்டு. உங்களுக்கு இன்னும் வழங்கப்படவில்லை. வழங்கப்படாததை அணிந்தவர் என்ற பேச்சு வந்துவிட்டால், தீர்ப்பாயத்தில் உங்கள் பிரமாணப் பத்திரத்தின் நம்பகத்தன்மையைத்தான் அது முதலில் அரிக்கும். ஆணை கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.