சொந்த பைக்கில் மியான்மரைக் கடந்து தாய்லாந்து போக முடியுமா?

ஹிமாலயன் பைக் வைத்திருப்பதாகவும், மணிப்பூர் வழியாக மியான்மருக்குள் போய் தாய்லாந்து வரை ஓட்டிச் செல்ல ஆசை என்றும், விசா எடுத்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. விசாதான் அதில் சுலபமான வேலை. அதைவிட முக்கியமான விஷயம், இப்போதைக்கு அந்த வழியே இல்லை. 2020இல் கொரோனாவுக்காக மூடிய எல்லை, 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நம்மைப் போன்ற பைக் பயணிகளுக்குப் பழையபடி திறக்கவில்லை. இந்தப் பக்கம் மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய கலவரத்தில் எல்லை ஊரான மோரேயும் எரிந்தது. யாராவது "ஏற்பாடு பண்ணலாம் சார், அட்வான்ஸ் மட்டும் போடுங்க" என்றால் போட்டுவிடாதீர்கள்.

நான் போனது 2019 நவம்பரில், கதவு மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு. அந்த அனுபவத்தைச் சொல்கிறேன். மியான்மர் திறந்தாலும் சரி, நாளைக்கு நீங்கள் திபெத் பக்கம் போனாலும் சரி, கடுமையான நாடுகள் எல்லாம் ஏறக்குறைய இதே மாதிரிதான் நடத்துகின்றன.

எல்லையில் நீங்கள் பயணி. உங்கள் பைக் அப்படியில்லை. கஸ்டம்ஸ் கண்ணுக்கு அது வரி கட்டாமல் உள்ளே வரும் ஒரு சரக்கு. நீங்கள் அதை அங்கேயே விற்றுவிட்டு விமானம் ஏறிவிடுவீர்களோ என்பதுதான் அவர்கள் கவலை. பல நாடுகள் இதற்கு கார்னெட் என்ற புத்தகத்தை ஏற்றுக்கொள்கின்றன. நம் ஊர் ஆட்டோமொபைல் சங்கம் வழியாக வங்கி உத்தரவாதம் கொடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு முறை ஒரு நாட்டுக்குள் போகவும் ஒரு பக்கம். நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. வெளியேறும் முத்திரையை வாங்க மறந்தால், பைக் உங்கள் வீட்டு வாசலில் நின்றாலும் காகிதப்படி அது அந்த நாட்டில்தான் இருக்கிறது. உத்தரவாதப் பணத்துக்கு ஆபத்து.

மியான்மர் இந்த கார்னெட் ஏற்பாட்டில் இல்லை. அதனால் அங்கே உத்தரவாதம் ஒரு மனிதர் உருவத்தில் வந்தது. உரிமம் பெற்ற அந்நாட்டுச் சுற்றுலா நிறுவனம் ஒன்று உங்களுக்காகத் தலைநகர் நேப்பிடோவில் முன்கூட்டியே அனுமதி வாங்கும். எந்த எல்லையில் எந்தத் தேதி நுழைவீர்கள், எந்த ஊரில் எந்த ஹோட்டலில் தூங்குவீர்கள், எந்த எல்லையில் வெளியே போவீர்கள் என்று எல்லாமே அதில் இருக்கும். அப்புறம் ஒரு கைடு, ஒரு கார், ஒரு டிரைவர். எல்லையிலிருந்து எல்லை வரை கூடவே வருவார்கள். ஒரு பைக் போனாலும் அதே கார்தான், பத்து பைக் போனாலும் அதே கார்தான் என்பதால் தனியாகப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாது. முன்பின் தெரியாதவர்களோடு தேதி பேசி ஒத்துப்போய்க் கூட்டு சேர வேண்டும். நாங்கள் ஆறு பைக். அவர்களில் இருவரை முதன்முதலில் பார்த்ததே இம்பாலில்தான்.

அனுமதிக்காக ஒவ்வொருவரின் பாஸ்போர்ட், ஆர்.சி. விவரங்களையும் ஒரு எக்செல் தாளில் தட்டச்சு செய்து அனுப்பினோம். அந்த வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டவன் நான். இங்கேதான் கோட்டை விட்டேன்.

வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண் 17 இலக்கம். ஆங்கிலத்தில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் அதில் வராது. 1, 0 என்ற எண்களோடு குழம்பிவிடும் என்று வைத்திருக்கிற உலக விதி. ஆனால் 'பி'யையும் எட்டையும் யாரும் பிரித்துவைக்கவில்லை. என் சொந்த பைக்கின் எண்ணிலேயே எட்டு வரும் இடத்தில் பி போட்டிருந்தேன். ஆறு பேர் பார்த்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. மியான்மர் பக்க எல்லை ஊரான டமுவில் டார்ச் அடித்துக்கொண்டு குனிந்த அதிகாரி ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

அதைப் பிறகு சொல்கிறேன். மோரே பற்றி முதலில்.

இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர், மலை ஏறி இறங்க வேண்டும். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். வெளி மாநிலத்தவர் மணிப்பூருக்குள் போக எடுக்க வேண்டிய இன்னர் லைன் பர்மிட் வந்தது 2020 ஜனவரி 1 முதல், எங்களுக்கு அது தேவைப்படவில்லை. மோரேயில் இறங்கியதும் காதில் விழுந்தது தமிழ். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி, நம்மவர்கள் கப்பல் ஏறித் திரும்பினார்கள் அல்லவா? அவர்களில் சிலருக்குத் தமிழ்நாட்டில் பிழைப்பு ஒட்டவில்லை. தரை வழியாக மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, நின்ற இடத்திலேயே ஊர் போட்டார்கள். அங்காள பரமேஸ்வரி கோயில், தமிழ்ச் சங்கம், இட்லிக் கடை எல்லாம் அப்படி வந்தவைதான். எங்கள் ஊர் பர்மா காலனியையும் பாரிமுனையில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகளையும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கதையின் மறுமுனை இங்கே இருக்கிறது என்பது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. உரிய காகிதம் இல்லாததால் எல்லையைத் தாண்ட முடியாமல் போனவர்களின் ஊரில் உட்கார்ந்து, கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு இட்லி சாப்பிட்டேன்.

கடைக்காரர் பைக்கைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பாலம் தாண்டினதும் வலது பக்கம் ஓட்டணும். மறந்துடாதீங்க. எல்லாரும் மறக்கறாங்க" என்றார்.

பாலம் சின்னது. நம் பாதி வெள்ளை, அவர்கள் பாதி மஞ்சள். தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். இமிக்ரேஷன் பத்தே நிமிடம். இ-விசா 50 டாலர், 28 நாள், முன்பே எடுத்தாகிவிட்டது. அடுத்து கஸ்டம்ஸ், என் சேசிஸ் எண்.

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருக்கும் காகிதத்தில் ஒரு பைக், அவர் எதிரே வேறொரு பைக். அவருக்கு அவ்வளவுதான். கைடு வியர்த்துப்போய்விட்டார். அரைமணிக்கு ஒருமுறை வெளியே போய் போன் பேசுவார், வந்து உட்காருவார். மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மணி நேரம் கழித்து நேப்பிடோவிலிருந்து திருத்திய கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. அதை அச்செடுக்கக் கடை தேடி இன்னொரு அரைமணி. உள்ளே விட்டபோது நன்றாக இருட்டிவிட்டது. அன்றைய ஹோட்டல் 130 கிலோமீட்டர் தள்ளி, கலேவில். வேறெங்கும் தங்கவும் முடியாது. வெளிநாட்டவரைத் தங்கவைக்க ஹோட்டலுக்குத் தனி உரிமம் வேண்டும், எங்கள் பர்மிட்டிலும் அந்த ஹோட்டல் பெயர்தான் இருக்கிறது.

இருட்டில், புதிய நாட்டில், பழக்கமில்லாத பக்கத்தில் ஓட்டினோம். அந்தச் சாலை நம் எல்லைச் சாலைகள் அமைப்பு போட்டு 2001இல் திறந்தது. தார் பரவாயில்லை, ஆனால் நிமிடத்துக்கு ஒன்றாகப் பழைய குறுகிய பாலங்கள் வந்துகொண்டே இருந்தன. கடைக்காரர் சொன்னதை மறக்கமாட்டேன் என்றுதான் நினைத்தேன். நேர்ச்சாலையில் மறக்கவில்லை. பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வந்தபோது கை தானாக இடது பக்கம் திருப்பியது. எதிரே வந்த லாரி ஹாரன் அடித்து ஞாபகப்படுத்தியது. ரவுண்டானாவும் அப்படித்தான், நமக்கு நேர்மாறாகச் சுற்ற வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. 1970இல் ஒரே நாளில் இடதிலிருந்து வலதுக்கு மாறிய நாடு அது. ஆனால் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள், ஸ்டீயரிங் வலது பக்கம். முந்திச் செல்ல வேண்டுமென்றால் டிரைவருக்கு எதிர்த்திசை தெரியாது. பேருந்துகளில் இடது பக்கம் ஒரு பையன் எட்டிப் பார்த்து 'வா வா' சொல்வான். எதிரே வருவது நீங்கள் என்றால் அவன் கணக்கை நம்பித்தான் உங்கள் உயிர்.

தனியாக ஊர் சுற்றிப் பழகியவர்களுக்குக் கைடு கூடவே வருவது எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருந்தது. மூன்றாம் நாள் மொன்யுவா தாண்டி ஒரு கிளைச்சாலையில் போட்டோ எடுக்க இறங்கினேன். இருபது நிமிடத்தில் கார் திரும்பி வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. "நீங்கள் காணாமல் போனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, என் உரிமம் போய்விடும்" என்றார். அதற்கப்புறம் நான் கிளைச்சாலையில் இறங்கவில்லை.

யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் கூடாது, 2003 முதலே தடை. மாண்டலே - யாங்கோன் விரைவுச்சாலையிலும் பைக்குக்கு அனுமதி இல்லை. அதனால் பாகானிலிருந்து மேக்டீலா, டாங்கு, பாகோ என்று பழைய நெடுஞ்சாலையில்தான் இறங்கினோம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. சாலையோரத்தில் பாட்டிலில் பெட்ரோல், முகத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்கள், 125 சிசி சீன பைக்கில் மூன்று பேர், நான்கு பேர். எங்கள் வண்டி நின்றால் போதும், கூட்டம் கூடி சைலன்சரைத் தொட்டுப் பார்க்கும்.

வருத்தம் பாகானில்தான். இரண்டாயிரத்துக்கு மேல் கோயில்கள் உள்ள ஊருக்கு எங்கள் அட்டவணையில் ஒரே ஒரு பகல். அங்கே கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, நானாதேசி விண்ணகர் என்ற விஷ்ணு கோயிலுக்கு மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) வணிகர் ஒருவர் மண்டபம் கட்டி விளக்கு வைத்ததைச் சொல்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்தே நினைத்துக்கொண்டு போனேன். நேரம் இல்லை. கூட ஒரு நாள் தங்கலாமா என்றால், தேதி மாற்றத்துக்கு மறுபடி நேப்பிடோ. அந்த வணிகருக்கு பர்மிட் போட்டுக் கொடுத்தவர் யாரோ, கொஞ்சம் தாராளமானவர்.

பணத்தைப் பற்றி ஒன்று. டாலர் நோட்டு மடிப்பே இல்லாமல் புதிதாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு கோடு விழுந்திருந்தால் கூட வாங்கமாட்டார்கள். நான் நோட்டுகளை ஒரு புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் போனேன்.

ஒன்பதாம் நாள், தாய்லாந்து எல்லையில் உள்ள மியாவாடி. மோய் ஆற்றுப் பாலத்தில் கைடு எங்கள் காகிதங்களுக்கு முத்திரை வாங்கித் தன் நகலை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு. பாலத்தின் மறுமுனை மே சோட், தாய்லாந்து. மறுபடி இடது பக்கம். பழகிய பக்கம்தானே என்று நினைத்து முதல் திருப்பத்திலேயே வலது பக்கம் போய் நின்றேன்.

தாய்லாந்து சுலபமான நாடு என்று நினைப்போம். வண்டி விஷயத்தில் அப்படியில்லை. சீனாவிலிருந்து சொந்தக் காரில் வந்த பயணிகள் சியாங் மாய் பக்கம் நிறைந்து, விபத்தும் புகாரும் பெருகியதும் 2016இல் விதியைக் கடுமையாக்கினார்கள். மலேசியா, சிங்கப்பூர், லாவோஸ் வண்டிகளுக்கு விலக்கு. நமக்கு, அங்கே உள்ள சுற்றுலா நிறுவனம் வழியாக முன்கூட்டியே பர்மிட் வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டை எல்லையிலேயே வாங்கலாம். மியான்மருக்கு அலைந்த அலைச்சலில் இதை மறந்துவிட்டு மே சோட்டில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பின்னால் மியான்மர், விசா முடிந்துவிட்டது. முன்னால் தாய்லாந்து, பைக்கை விடமாட்டார்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? மியான்மரைத் தாண்டிக் குதிப்பதுதான் வழி. நேபாளத்துக்கு நம் வண்டியிலேயே போகலாம். காட்மாண்டுவிலிருந்து பைக்கை விமானச் சரக்காக பாங்காக் அனுப்புவது ரொம்ப காலமாக நடப்பதுதான். செலவு அதிகம், ஆனால் சில நாளில் பைக் கைக்கு வந்துவிடும். சென்னைத் துறைமுகத்திலிருந்து மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்குக் கப்பலில் அனுப்பி, அங்கிருந்து வடக்கே தாய்லாந்துக்கு ஓட்டுவது இன்னொன்று. நான் திரும்பி வந்தது இதே கடல் வழியில்தான். மரப்பெட்டி, பெட்ரோலைக் காலி செய்வது, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது எல்லாம் ஒரு நாள் வேலை. துறைமுகக் கட்டணம்தான் கடைசி நிமிடம் வரை ஏறிக்கொண்டே போகும். இந்த வழிகளிலும் தாய்லாந்து பர்மிட் கட்டாயம்.

எந்த வழி என்றாலும் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுங்கள், 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். பைக் உங்கள் பெயரில் இருப்பதுதான் நல்லது. அப்பா பெயரில் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யைப் பார்த்து எழுதாமல் வண்டியிலேயே குனிந்து பார்த்து, வேறொருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

பைக் லோனில் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் மற்ற எதற்கும் முன்னால் வங்கிக்குப் போங்கள். வண்டியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அவர்களிடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும். எனக்கு அதற்கு மட்டும் ஐந்து வாரம் ஆனது, மியான்மர் பர்மிட்டே அதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது.