லண்டன் யூத அருங்காட்சியகத்தின் தொகுப்பில் குத்துச்சண்டைக்காரர் படம் எதற்கு?

யூத மதகுருக்கள் படம் சரி, குத்துச்சண்டைக்காரர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் படம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது; புகைப்படம் இல்லாத காலம் அது. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த தாள்கள்தான் பிரபலங்களின் முகத்தை ஊரெங்கும் கொண்டுபோயின. லண்டன் யூதக் குத்துச்சண்டைக்காரர் டேனியல் மெண்டோசா அப்படியொரு நட்சத்திரம். ரிச்சர்ட் ஹம்ப்ரீஸ் என்ற ஆங்கிலேயக் குத்துச்சண்டைக்காரரிடம் 1788இல் தோற்றவர், 1789இலும் 1790இலும் அவரையே வீழ்த்தினார். படங்கள் விற்றுத் தீர்ந்திருக்கும், கேட்கவா வேண்டும்! சட்டையில்லாமல், முஷ்டியை உயர்த்தி, காலை அகட்டி நிற்பார்.

அதே காலத்துக் கேலிச்சித்திரங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யூதர் என்றால் தாடி, தோளில் பழந்துணி மூட்டை, தலையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொப்பிகள். அவ்வளவுதான். என்னைக் கேட்டால், மதகுருக்களைவிட மெண்டோசா படங்களே அந்தக் காலத்தை அதிகம் காட்டுகின்றன. ஜெயித்த பிறகும் ஊர் அவரை ‘யூதர் மெண்டோசா’ என்றே அழைத்தது.