போர்டைப் பாக்காதீங்க, வால் நம்பரைப் பாருங்க

போன இதழ்ல விமானம் லேட்டாகறதைப் பத்தி நாலு வரிதான் எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விங்களே இந்த மாசம் பக்கத்தை நிரப்பிடுச்சு. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேத்து ஆறாக்கியிருக்கேன். பேர் போட வேணாம்னு பல பேர் கேட்டிருந்ததால யார் பேரும் போடல.

கேள்வி: சார், நான் வாராவாரம் ஒரே சாயங்கால ஃப்ளைட்லதான் வீட்டுக்குப் போறேன். கெளம்பறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி வரைக்கும் ஆப்ல 'ஆன் டைம்'னு பச்சையா காட்டுது, அப்புறம் திடீர்னு ரெண்டு மணி நேரம் லேட்டுங்கறான். இதை முன்னாடியே தெரிஞ்சுக்க ஏதாவது வழி இருக்கா?

பதில்: இருக்கும்மா. மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, ஆப்ல 'ஆன் டைம்'னு வர்றது பெரும்பாலும் யாரும் பாத்துச் சொன்ன சேதி கெடையாது, டைம்டேபிள்ல இருக்கற நேரத்தை இன்னும் யாரும் மாத்தலைங்கறதுதான் அதுக்கு அர்த்தம். நீங்க ஃப்ளைட் நம்பரைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க, அது வெறும் பேரு. பறக்கப் போறது ஒரு குறிப்பிட்ட விமானம், அதோட பின்பக்கம் வால்கிட்ட ஒரு பதிவு நம்பர் எழுதியிருக்கும், வண்டிக்கு நம்பர் பிளேட் இருக்கற மாதிரி. இந்தியாவுல பதிவானதுன்னா விடின்னு ஆரம்பிக்கும், இலங்கைன்னா 4ஆர், சிங்கப்பூர்னா 9வி, மலேசியான்னா 9எம். ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் மாதிரி விமானம் எங்க இருக்குன்னு காட்டற ட்ராக்கிங் தளத்துல உங்க ஃப்ளைட் நம்பரைத் தட்டினா எந்த விமானத்தைப் போட்டிருக்காங்கன்னு பல சமயம் சில மணி நேரம் முன்னாடியே வந்துடும், அந்த வால் நம்பரை அமுக்கினீங்கன்னா அது காலையில இருந்து எங்கெங்க போச்சு, எத்தனை மணிக்கு எறங்குச்சு, இப்ப எங்க இருக்குன்னு எல்லாம் வரிசையா வரும்.

அதைப் பாத்தா உங்க சாயங்கால லேட்டு எங்க பொறந்துச்சுன்னு தெரிஞ்சுடும். குறைஞ்ச தூரம் ஓடற விமானம் ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு, ஆறு தடவை கூட ஏறி எறங்கும், காலையில மொத ட்ரிப்ல பனிமூட்டத்தால 40 நிமிஷம் போனா அது அடுத்த ட்ரிப்புக்கு வரும், அங்க இன்னும் கொஞ்சம் சேரும், இப்படியே சேந்து சேந்து சாயங்காலம் உங்ககிட்ட வந்து நிக்கும். அதனாலதான் நாளோட மொத ஃப்ளைட் நேரத்துக்குக் கெளம்பற வாய்ப்பு அதிகம்னு சொல்றது.

கணக்கு சுலபம். உங்க ஃப்ளைட் 6.30ன்னு வெச்சுக்கோங்க. வரவேண்டிய விமானம் இன்னும் வானத்துல இருக்கு, 6.40க்கு எறங்கும்னு காட்டுது. எறங்கி ஓடி வந்து நிக்க பத்து நிமிஷம், ஆளை எறக்கி, சுத்தம் பண்ணி, எரிபொருள் ஊத்தி, உங்களை ஏத்தறதுக்கு சின்ன விமானத்துக்கு எப்படியும் 35ல இருந்து 45 நிமிஷம், பெரிய விமானம்னா ஒன்றரை மணி நேரம் கூட ஆகும். ஆக 7.25க்கு முன்னாடி நீங்க நகர முடியாது, ஆப் என்ன நிறத்துல காட்டினாலும் சரி.

ஆனா இதைச் சொல்லிட்டு அடுத்ததைச் சொல்லாம விட்டா தப்பு. வர்ற விமானம் லேட்டுன்னு பாத்துட்டு வீட்டுலயே உக்காந்துடாதீங்க. என் அத்தை பையனுக்கு நான்தான் இந்த முறையைச் சொல்லிக் கொடுத்தேன், அவன் ஒரு நாள் தன் விமானம் மூணு மணி நேர தூரத்துல இருக்குன்னு பாத்துட்டு நிதானமா கெளம்பினான், கம்பெனிக்காரங்க அங்கயே சும்மா நின்ன இன்னொரு விமானத்தைப் போட்டு நேரத்துக்கு அனுப்பிட்டாங்க, இவன் போறப்ப கவுண்டர் மூடியாச்சு. அதை அன்னிக்கே சேத்துச் சொல்லாம விட்டது எனக்கு இன்னமும் உறுத்துது. கம்பெனியே புது நேரம் அறிவிச்சாலும் கவுண்டர் எப்ப மூடும்னு தனியா கேட்டுக்கோங்க, பல எடத்துல பழைய நேரத்துக்கேதான் மூடுவாங்க.

கேள்வி: அண்ணா, பெரிய விமானம்னு பாத்து ஆசையா புக் பண்ணேன், ஜன்னல் சீட்டுக்குத் தனியா காசும் கட்டினேன். போய்ப் பாத்தா சின்ன விமானம், சீட்டும் நடுவுல. ஏன் இப்படி மாத்தறாங்க, இதை முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: தம்பி, வருத்தமாத்தான் இருக்கும், ஆனா நீங்க வாங்கினது அந்த ஊர்ல இருந்து இந்த ஊருக்குப் போற பயணம்தான், இந்த மாடல் விமானம்தான்னு எந்த கம்பெனியும் பொதுவா உறுதி குடுக்கறது இல்ல, அவங்க பயண விதிமுறைல அது தெளிவா இருக்கும். சீட்டுக்குக் கட்டின காசு வேற விஷயம், அந்த வகை சீட்டு கெடைக்கலைன்னா திருப்பிக் கேளுங்க, கேட்டாத்தான் வரும். வாங்கின கிளாஸையே குறைச்சு ஒக்கார வெச்சிருந்தா இன்னும் பெரிய உரிமை இருக்கு, ஐரோப்பிய யூனியனோட 2004ம் வருஷத்து 261ம் நம்பர் சட்டத்துல தூரத்தைப் பொறுத்து டிக்கெட் காசுல 30, 50, இல்ல 75 சதவீதம் ஏழு நாளைக்குள்ள திருப்பித் தரணும்னு இருக்கு. அந்த சட்டம் பொருந்தாத எடத்துல அந்தந்த நாட்டு விதியைப் பாக்கணும்.

ஏன் மாத்தறாங்கன்னா, ரெண்டு விதமான மாத்தம் இருக்கு, அதைப் பிரிச்சுப் பாக்கணும். வாரக்கணக்குல முன்னாடி மாறினா அது திட்டம் போடறவங்க வேலை, டிக்கெட் எவ்ளோ வித்திருக்குன்னு பாத்தோ, விமானம் பெரிய பராமரிப்புக்குப் போறதாலயோ மாத்துவாங்க. சில சமயம் காரணம் கம்பெனியோட கையிலயே இருக்காது. 2023 ஜூலைல இன்ஜின் தயாரிக்கற பிராட் அண்ட் விட்னி கம்பெனி தன்னோட ஜிடிஎஃப் இன்ஜின் பாகங்கள்ல உலோகத் தூள்ல கலப்படம் இருந்ததைச் சொல்லி, இன்ஜினையெல்லாம் கழட்டிப் பரிசோதிக்கணும்னு அறிவிச்சாங்க, அதுல உலகம் முழுக்க நூத்துக்கணக்கான ஏர்பஸ் ஏ320 நியோ வகை விமானங்க தரையில நின்னுது. அப்படி நிக்கறப்ப இருக்கற விமானத்தை வெச்சுதான் ஓட்டணும், வாடகைக்கு எடுத்த பழைய விமானமும் அதுல வரும்.

அன்னிக்கே, மணிக்கணக்குல மாறினா அது ஆபரேஷன்ஸ் கன்ட்ரோல், அதாவது அன்னன்னிக்கு விமானங்களை ஓட்டறதைப் பாத்துக்கற பிரிவோட வேலை. ஏதோ ஒண்ணு பழுதாயிருக்கும், இல்ல எங்கயோ மாட்டியிருக்கும், கையில இருக்கறதை நகத்தி அடுக்குவாங்க. அதுலயும் கட்டுப்பாடு நெறைய, போயிங் 737 ஓட்டற பைலட் அப்படியே போய் ஏ320ல ஒக்கார முடியாது, ஒவ்வொரு வகைக்கும் தனி தகுதி வேணும், கடலுக்கு மேல ரொம்ப தூரம் போற ரெட்டை இன்ஜின் விமானத்துக்குத் தனி அனுமதி வேணும், பைலட்டோட டூட்டி நேரம் முடிஞ்சுடக் கூடாது. அதனால மொதல்ல அதே வகையிலதான் தேடுவாங்க, கெடைக்கலைன்னாதான் உங்களுக்கு நடந்த மாதிரி ஆகும்.

கண்டுபிடிக்க, புக்கிங்ல போய் சீட் மேப்பை அப்பப்ப தொறந்து பாருங்க. வரிசை அமைப்பு மாறியிருந்தா விமானம் மாறிடுச்சு, கம்பெனி மெயில் அனுப்பறதுக்கு முன்னாடியே இது தெரியும். ட்ராக்கிங் தளத்துல நாலெழுத்துக் குறியும் இருக்கும், ஏ320ன்னா பழசு, ஏ20என்னுன்னா நியோ, பி738ன்னா 737-800, பி38எம்னா மேக்ஸ் 8, பி77டபிள்யூன்னா பெரிய 777.

கேள்வி: இந்த தளங்களுக்கு விமானம் எங்க இருக்குன்னு யார் சொல்றாங்க? கடல் மேல போனதும் என் மகன் போற விமானம் காணாமப் போச்சு, உயிரே போயிடுச்சு.

பதில்: விமானமே சொல்லுதும்மா. ஏடிஎஸ்-பின்னு ஒரு முறை, விமானம் ஜிபிஎஸ்ல தன் எடத்தைத் தெரிஞ்சுக்கிட்டு 1090 மெகாஹெர்ட்ஸ்ல செகண்டுக்கு ரெண்டு தடவை போல ஒலிபரப்பிக்கிட்டே போகும், கூடவே தனக்குன்னு இருக்கற 24 பிட் அடையாளத்தையும் சொல்லும். கீழ யார் வேணா ஒரு சின்ன ரிசீவர் வெச்சு அதைப் பிடிக்கலாம். ஃப்ளைட்ரேடார்24 கூட 2006ல சுவீடன்ல ரெண்டு பேர் பொழுதுபோக்கா ஆரம்பிச்சதுதான், இன்னிக்கும் உலகம் முழுக்க தன்னார்வமா வீட்டு மாடில ஆன்டெனா வெச்சிருக்கறவங்கதான் அந்த வேலைக்கு முதுகெலும்பு, அவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. அந்த சிக்னல் நேர்கோட்டுல போறது, தரை ரிசீவருக்கு 300, 400 கிலோமீட்டர் வரைக்கும்தான் எட்டும். நடுக்கடல்ல பிடிக்க ஆள் இல்லாததால படத்துல மறைஞ்சுது, அவ்ளோதான். சில சமயம் தளமே உத்தேசமா கோடு போட்டு நகத்தும், சாட்டிலைட்லயும் இப்ப பிடிக்கறாங்க. அடுத்த தடவை மறைஞ்சா பயப்படாதீங்க, மறுகரை கிட்ட வந்ததும் தானா தெரியும்.

கேள்வி: ஐயா, நான் கல்லூரி மாணவன். ஒரே ஒரு விமான கம்பெனியை மூணு மாசம் கவனிச்சு எவ்ளோ லேட்டு, எவ்ளோ தடவை விமானம் மாத்தறாங்கன்னு எக்செல்ல போட்டு ப்ராஜெக்ட் பண்ண ஆசை. எப்படி ஆரம்பிக்கறது?

பதில்: இந்த மாசம் வந்ததுலயே எனக்குப் பிடிச்ச கேள்வி இதுதான்.

எல்லா ஃப்ளைட்டையும் எடுக்காதீங்க, பத்து நாள்ல கை விட்டுடுவீங்க. ஒரு ரூட், இல்ல ஒரு ஏர்போர்ட்ல இருந்து கெளம்பற சாயங்கால ஃப்ளைட்டுங்கன்னு சின்னதா பிடிங்க, ஆனா ஒரு நாள் கூட விடாதீங்க. லேட்டான நாள் மட்டும் ஞாபகம் வந்து எழுதினா அந்தக் கணக்கு கம்பெனிக்கு அநியாயம் பண்ணும்.

நேரத்துல நாலு இருக்கு, வாசல்ல, அதாவது கேட்ல இருந்து நகர்ற நேரம், தரையை விட்டு ஏறற நேரம், எறங்கற நேரம், வாசல்ல வந்து நிக்கற நேரம். கம்பெனி அட்டவணை சொல்றது மொதலும் கடைசியும்தான், ட்ராக்கிங் தளம் நல்லாப் பிடிக்கறது நடுவுல இருக்கற ரெண்டு. இதைக் கலந்துட்டீங்கன்னா எல்லா ஃப்ளைட்டும் கெளம்பறதுல பத்து, இருபது நிமிஷம் லேட்டா தெரியும். நேரத்தையெல்லாம் யுடிசில, அதாவது உலகம் முழுக்கப் பொதுவா இருக்கற நேரத்துல எழுதுங்க, நடுராத்திரி ஃப்ளைட்டுக்குத் தேதி கொழம்பாது. கம்பெனிங்க கூட்டு ஒப்பந்தம் போட்டு அவங்கவங்க நம்பர்ல டிக்கெட் விக்கறதால ஒரே ஃப்ளைட்டுக்கு மூணு நம்பர் கூட இருக்கும், ஒரு தடவைதான் எண்ணணும். ரத்தானதை லேட்டுல சேக்காம தனிப் பத்தில போடுங்க, விட்டுட்டா மட்டும் ரொம்பத் தப்பு, ஏன்னா ரத்து பண்ணப் பண்ண மிச்ச கணக்கு அழகாயிடும்.

இப்ப விமான மாத்தம், இதுலதான் நெறைய பேர் தடுக்கி விழறாங்க. பழைய பதிவுல பறந்த விமானம் எதுன்னு மட்டும்தான் இருக்கும், பறக்க வேண்டியிருந்தது எதுன்னு இருக்காது. அதனால கெளம்பறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடின்னு ஒரு நேரம் வெச்சுக்கிட்டு, தெனம் அந்த நேரத்துல எந்த வால் நம்பர் போட்டிருக்குன்னு எழுதிடுங்க, அப்புறம் பறந்தது எதுன்னு எழுதுங்க. ரெண்டும் வேறன்னா மாத்தம். முன்னாடி காலியா இருந்து அப்புறம் நம்பர் வந்தா அது மாத்தம் இல்ல, தெரியலைன்னு போடுங்க. நம்பர் மட்டும் மாறினது ஒரு பத்தி, வகையே மாறினது இன்னொரு பத்தி, ஏன்னா மொதல் வகைல பயணிக்கு ஒண்ணுமே தெரியாது. அப்புறம் ஒரு விஷயம் செஞ்சு பாருங்க, மாத்தின நாள்ல வரவேண்டிய பழைய விமானம் எத்தனை மணிக்கு வந்துச்சுன்னும் குறிங்க. மாத்தாம இருந்திருந்தா எவ்ளோ லேட்டாகியிருக்கும்னு கிட்டத்தட்ட கணக்கு போட்டுடலாம், பல நாள் அந்த மாத்தம் உங்க நேரத்தைக் காப்பாத்தியிருக்கறது தெரியும்.

சராசரியை மட்டும் போட்டு நிறுத்தாதீங்க. பத்து ஃப்ளைட்ல ஒம்பது 5 நிமிஷம் லேட்டு, ஒண்ணு மட்டும் 600 நிமிஷம்னா சராசரி 64.5 நிமிஷம் வரும், அப்படி ஒரு ஃப்ளைட் அந்தப் பத்துல இல்லவே இல்ல. நடு மதிப்பை, அதாவது வரிசையா அடுக்கினா நடுவுல வர்றதைப் போடுங்க, 15 நிமிஷமும் அதுக்கு மேலயும் போனது எத்தனைன்னும் போடுங்க, ஏன்னா அமெரிக்காவுல அரசாங்கமே 15 நிமிஷத்துக்குள்ள வந்தா நேரத்துக்கு வந்ததாத்தான் எண்ணுது. கெளம்பற லேட்டும் சேர்ற லேட்டும் தனித்தனி, அட்டவணையிலயே கூடுதல் நிமிஷம் வெச்சிருப்பாங்க, அரை மணி லேட்டா கெளம்பி நேரத்துக்குச் சேர்றது அதனாலதான்.

காரணம்னு ஒரு பத்தி வெச்சா பாதி எடத்துல 'தெரியல'ன்னுதான் வரணும். கம்பெனிக்குள்ள ஒவ்வொரு காரணத்துக்கும் ரெண்டு இலக்கக் குறியீடு உண்டு, வர்ற விமானம் லேட்டுன்னா 93, விமானத்துல பழுதுன்னா 41, பழுதால விமானம் மாத்தினா 46, ஆனா அது வெளியில வர்றது அபூர்வம். நீங்க நிரூபிக்க முடியறது ஒண்ணுதான், வர்ற விமானம் லேட்டா வந்துச்சா இல்லையான்னு. பழகிப் பாக்க, அமெரிக்கப் போக்குவரத்துப் புள்ளிவிவர அலுவலகம் அங்க இருக்கற பெரிய கம்பெனிங்களோட உள்நாட்டு ஃப்ளைட் ஒவ்வொண்ணையும் வால் நம்பரோட இலவசமா வெளியிடுது, தாமதக் காரணமும் 2003 ஜூன்ல இருந்து இருக்கு. அதை எறக்கி ஒரு விமானத்தோட ஒரு நாளை வரிசையா அடுக்கிப் பாருங்க, லேட்டு எப்படி ஊர்ஊரா நகருதுன்னு கண்ணால பாக்கலாம்.

கேள்வி: 'டிபார்ட்டட்'னு போட்டுட்டான், நாங்க இன்னும் ரன்வே பக்கத்துல ஒக்காந்திருக்கோம். ஏமாத்தறாங்களா?

பதில்: இல்ல. வாசலை விட்டு நகந்தாலே கணக்குல கெளம்பியாச்சு. சேர்ற நேரத்துக்கும் இதே சண்டை ஐரோப்பாவுல கோர்ட் வரைக்கும் போச்சு, 2014ல ஐரோப்பிய நீதிமன்றம் சக்கரம் தரையைத் தொட்டது கணக்கு இல்ல, பயணிங்க எறங்கறதுக்குக் கதவு ஒண்ணாவது தொறக்கற நேரம்தான் கணக்குன்னு சொல்லிடுச்சு. அங்க நஷ்டஈடு மூணு மணி நேரத்துல ஆரம்பிக்குது, அதனால ஒரு நிமிஷம் கூட முக்கியம், கதவு தொறக்கறப்ப மணியைக் குறிச்சுக்கோங்க.

கேள்வி: விமானத்தை மாத்தறாங்கன்னு கேட்டாலே எங்க அம்மா நடுங்கறாங்க, ஏதோ கோளாறுன்னு. அவங்களுக்கு என்ன சொல்றது?

பதில்: அம்மா நெனைக்கறது பாதி சரி, கோளாறு இருந்திருக்கலாம், ஆனா அது விட்டுட்டு வந்த விமானத்துல. எந்தெந்தப் பொருள் வேலை செய்யலைன்னாலும் பறக்கலாம், எத்தனை நாளைக்குள்ள சரி பண்ணணும்னு ஒவ்வொரு வகைக்கும் அனுமதிக்கப்பட்ட பட்டியல் இருக்கு, அந்தப் பட்டியல் தாண்டினா விமானம் நகரக் கூடாது. அப்படி நிறுத்தினதாலதான் வேற விமானம் வருது. அடுத்த தடவை புது வால் நம்பரை அம்மா போன்லயே தட்டிக் குடுங்க, அன்னிக்குக் காலையில இருந்து அது எத்தனை தடவை ஏறி எறங்கியிருக்குன்னு அவங்களே ஒவ்வொண்ணா எண்ணிப் பாக்கட்டும்.